கொட்டகைல நிக்கிற ஜீப்பு: வாசகர் கேள்வி பதில்

பழைய ஜீப்ப வீட்லயே வச்சு சரி பண்றவங்க கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடுதாசில பாதிக்கு மேல "எங்கருந்து ஆரம்பிக்கிறது"ங்கிற ஒரே கேள்விதான், அதனால முதல் பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

அண்ணே வணக்கம். எங்கப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன மஹிந்திரா சிஜே 3பி, பெட்ரோல் வண்டி. அப்பா தவறினப்புறம் 11 வருஷமா மாட்டுக் கொட்டகைல நிக்குது, ஹேண்டில் போட்டா அசையவே மாட்டேங்குது. மெக்கானிக் ஒருத்தர் எல்லாத்தையும் கழட்டிப் போட்டு மொத்தமா செஞ்சிரலாம்ங்கிறாரு, என் தம்பி முதல்ல பெயிண்ட் அடிப்போம் அப்பதான் ஆசை வரும்ங்கிறான். எனக்கு வெல்டிங் தெரியாது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். நான் என்ன செய்ய?
(போடி வாசகர்)

தம்பி, ரெண்டு பேர் சொல்றதையும் இப்பக் கேக்காதீங்க. பெயிண்ட இன்னைக்கு அடிச்சா நாளைக்கு எஞ்சின் இறக்கும்போது கீறும், பிரேக் ஆயில் பட்டா உரிஞ்சு வரும், வெல்டிங் வச்சா கருகும், அப்புறம் ரெண்டாவது தடவ அடிக்கணும். மொத்தமா பிரிக்கிறது இன்னும் மோசம். நான் என் வண்டிய முதல் மாசத்துலயே முழுசா பிரிச்சவன், நாலு அட்டப்பெட்டி நட்டும் போல்ட்டும் சேந்துச்சு, எது எங்க வருதுன்னு புரியாம ஒன்றரை வருஷம் அப்படியே கெடந்துச்சு, அந்த ஒன்றரை வருஷமும் கொட்டாய் பக்கம் போகவே மனசு வராது. பிரிச்சுப் போட்ட வண்டி நெறைய கடைசில இரும்புக் கடைக்குத்தான் போகுது, அது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம். அதனால நான் சொல்ற வரிசை இதுதான், முதல்ல வண்டி நிக்கணும், அதாவது பிரேக் பிடிக்கணும், அப்புறம் ஓடணும், அப்புறம் இரும்பு வேலை, பெயிண்ட் எல்லாத்துக்கும் கடைசி. ஒரு நேரத்துல ஒரு பகுதிய மட்டும் கழட்டுங்க, அத மாட்டி முடிச்சுட்டு அடுத்தத தொடுங்க, கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க, ஒவ்வொரு செட் நட்டையும் தனித்தனி டப்பால போட்டு மேல எழுதி வைங்க.

ஸ்பேனர் தொடுறதுக்கு முன்னாடி ஆர்சி புக்க எடுத்து, அதுல இருக்க சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டில அடிச்சிருக்க நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. அப்பா பேர்ல இருந்தா வாரிசு பேருக்கு மாத்துற வேலைய இப்பவே ஆரம்பிச்சிருங்க, 15 வருஷம் தாண்டின வண்டிக்கு எஃப்சி காட்டி ரினியூவல் பண்ணணும், பேப்பர் வேலை எஞ்சின் வேலைய விட மெதுவா நகரும்.

இப்ப ஸ்பேனர். வில்லிஸ்ங்கிற அமெரிக்க ஜீப் கம்பெனி வழி வந்த வண்டில நட்டெல்லாம் இன்ச் அளவு, 7/16, 1/2, 9/16, 3/4 இதுங்கதான் அதிகம் வேலை செய்யும். வீட்ல இருக்க எம்எம் ஸ்பேனர் கிட்டத்தட்ட பொருந்துற மாதிரி இருக்கும், ஆனா இறுக்கமான நட்டுல தலைய உருட்டி விட்டுரும். பின்னாடி வந்த மஹிந்திரா எம்எம் 540 மாதிரி வண்டில பெஜோ டீசல் எஞ்சின் நட்டு மில்லிமீட்டர் அளவு, சேசிஸ் நட்டு இன்ச் அளவு, அதுக்கு ரெண்டு செட்டும் வேணும். இன்னொன்னு கண்டிப்பா ஞாபகம் வைங்க, வில்லிஸ் காலத்து ஜீப்புகள்ல இடது பக்க வீல் நட்டு இடது மரை, அதாவது கழட்டுறதுக்கு மத்த நட்ட இறுக்குற திசைல சுத்தணும். ஸ்டட்டு முனைல எல்-னு எழுத்து இருக்கான்னு துடைச்சுப் பாருங்க. இது தெரியாம பைப்ப சொருகி நெம்பி நெம்பி ஸ்டட்ட உடைச்சவங்க எத்தனையோ பேர்.

எஞ்சின் ஜாம்னா பயப்படாதீங்க, 11 வருஷம் நின்ன வண்டில ரிங்கு சிலிண்டர்ல லேசா துரு பிடிச்சு ஒட்டியிருக்கும், பெரும்பாலும் விடும். கட்டி இழுத்து கியர்ல போட்டு விடுவிக்கப் பாக்காதீங்க, செல்ஃப் அடிக்காதீங்க, ரிங்கு உடையும் இல்ல ராடு வளையும். நாலு பிளக்கையும் கழட்டிட்டு ஒவ்வொரு ஓட்டைலயும் டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊத்துறது) பாதிக்குப் பாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு ஊத்துங்க, ஊத்திட்டு ஒரு வாரம் வண்டிய மறந்துருங்க. அப்புறம் முன்னாடி ஹேண்டில் போட்டு லேசா ஆட்டுங்க, ஒரு நூல் அசைஞ்சாலும் ஜெயிச்ச மாதிரிதான், மறுபடி ஊத்தி மறுபடி ஆட்டுங்க. எனக்கு 19 நாள் ஆச்சு. சுத்த ஆரம்பிச்சதும் பிளக் ஓட்டை வழியா பழைய எண்ணெய் பீச்சி அடிக்கும், மூஞ்சிய பக்கத்துல வைக்காதீங்க, சம்ப்ல, அதாவது எஞ்சினுக்கு அடில இருக்க ஆயில் தொட்டில இறங்கின டீசலோட சேத்து எஞ்சின் ஆயில முழுசா மாத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

இந்த 3பி எஞ்சின்ல ஒரு விசேஷம், 2.2 லிட்டர், இன்லெட் வால்வு மேல ஹெட்ல இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கீழ பிளாக்குலயே இருக்கும். அதனாலதான் எஞ்சின் ஒசரமாகி பானெட்டையும் ஒசத்த வேண்டி வந்துச்சு, 3பி மூஞ்சி மத்த ஜீப்ப விட ஒசந்து தெரியறதுக்கு அதுதான் காரணம். அமெரிக்காவுல இந்த மாடல் 1953ல வந்து 1968ல நின்னுபோச்சு, மஹிந்திரா அதுக்கப்புறமும் பல வருஷம் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அதனால நமக்கு பார்ட்ஸ் கெடைக்குது. உங்களுக்கு இதுல வேலை என்னன்னா, ராக்கர் கவர மட்டும் தொறந்து பாத்துட்டு வால்வெல்லாம் ஃப்ரீன்னு நெனச்சுராதீங்க, எக்ஸாஸ்ட் வால்வப் பாக்க பிளாக் பக்கத்துல இருக்க சைடு கவரையும் கழட்டணும், ஒட்டிப்போறது அதிகமா அங்கதான்.

ஹேண்டில் போடும்போது கட்டை விரல மத்த நாலு விரலோட ஒரே பக்கமா வச்சுப் பிடிங்க, சுத்தி வளைச்சுப் பிடிக்காதீங்க. எஞ்சின் திருப்பி அடிச்சா கட்டை விரலும் மணிக்கட்டும் போயிரும். உங்கப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கும், அவரோட ஓட்டின டிரைவருங்க ஊர்ல யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வந்து கேளுங்க, அந்த மாதிரி ஆளுங்ககிட்ட ஒரு மணி நேரம் பேசினா அவ்ளோ விஷயம் கெடைக்கும்.

டேங்க் முன் சீட்டுக்கு அடிலயே இருக்கு. 11 வருஷப் பெட்ரோல் கோந்து மாதிரி ஆகியிருக்கும், அத எஞ்சினுக்கு விடாதீங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு வெளிய ஒரு சின்ன கேன்லருந்து ட்யூப் போட்டுக்கலாம். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு, அது பழைய ரப்பர ஊற வச்சு கரைச்சுரும், அதனால பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், ஓஸு, கார்பரேட்டர் கிட் மூணையும் எத்தனால் தாங்குற ரகமா கேட்டு வாங்கி மாத்திருங்க. டேங்க் ஓட்டையா இருந்தா வீட்ல வெல்டிங் வைக்கவே வேணாம், காலி டேங்க்ல நிக்கிற ஆவிதான் வெடிக்கும்.

பிரேக்க முதல்ல சொல்லிட்டு இவ்ளோ தூரம் வந்துட்டேன், ஆனா எஞ்சின் ஊறுற அந்த ஒரு வாரத்துல நீங்க செய்ய வேண்டியது அதுதான். இதுல மாஸ்டர் சிலிண்டர்லருந்து நாலு வீலுக்கும் ஒரே சர்க்யூட், எங்கயாச்சும் ஒரு இடத்துல ஒழுகினா நாலு பிரேக்கும் ஒண்ணாப் போயிரும். போடிமெட்டு மாதிரி இறக்கத்துல அப்படி ஆனா என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், மூணு ரப்பர் ஓஸு, துரு பிடிச்ச பைப் எல்லாத்தையும் மாத்துங்க, நல்லாருக்கிற மாதிரி தெரியறதையும் சேத்து மாத்துங்க. பைப்புக்கு சும்மா செம்புக் குழாய் போட்டுத் தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, பிரேக்குக்குன்னே வர்ற ஸ்டீல் பைப் வாங்கி முனைய டபுள் ஃப்ளேர் பண்ணித் தரச் சொல்லுங்க. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்முக்குள்ள ஏர் அடிக்காதீங்க, ஈரத்துணில துடைச்சு கவர்ல கட்டிப் போடுங்க.

ஹேண்ட் பிரேக் வீல்ல கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி புரொபெல்லர் ஷாஃப்டுலதான் பிடிக்கும். பின் ஷாஃப்ட கழட்டிட்டா ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைக்காம வண்டிக்கு அடில போகாதீங்க, ஜாக்கி மேலயும் ஹாலோ பிளாக் கல்லு மேலயும் நிக்கிற வண்டிக்கு அடிலயும் போகாதீங்க, ரெண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்குங்க. பணம் கம்மியா இருந்தா பெயிண்ட தள்ளிப் போடலாம், ஸ்டாண்ட தள்ளிப் போட முடியாது.

அண்ணா, நானும் என் வீட்டுக்காரரும் சேந்து ஒரு பழைய ஜீப் வாங்கியிருக்கோம். கீழ தகரம் பல இடத்துல அரிச்சிருக்கு, டிங்கரிங் பட்டறைல தகரம் வச்சு பட்டி போட்டு ஒரே வாரத்துல தர்றேன்ங்கிறாங்க. சின்னச் சின்ன பார்ட்ஸ்ல இருக்க துருவ வீட்லயே எடுக்க வழி இருக்கா?
(கோவை வாசகி)

இருக்கும்மா, நல்ல வழியே இருக்கு. ஒரு பிளாஸ்டிக் தொட்டில தண்ணி ஊத்தி 4 லிட்டருக்கு ஒரு ஸ்பூன் கணக்குல வாஷிங் சோடா கலக்குங்க, துணி துவைக்கிற சோடா, ஆப்ப சோடா இல்ல. துருப்பிடிச்ச பார்ட்ட கம்பில கட்டித் தொங்கவிட்டு பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ்வ அதுல மாட்டுங்க, பாசிட்டிவ்வ ஒரு பழைய இரும்புக் கம்பில மாட்டி தொட்டி ஓரமா விடுங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடக்கூடாது. ஒரு ராத்திரில துரு கருப்பா பொடியா மாறி பிரஷ் போட்டா வந்துரும், நல்ல இரும்பு கொஞ்சங்கூட கரையாது, அதுதான் ஆசிட விட இதுல இருக்க பெரிய நன்மை. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் மட்டும் போட்டுறாதீங்க, அதுலருந்து விஷமான குரோமியம் தண்ணில இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால தொறந்த வெளில வைங்க, கிளிப்ப கழட்டுறதுக்கு முன்னாடி சார்ஜர ஆஃப் பண்ணுங்க. அலுமினியம் போடக்கூடாது, ஸ்பிரிங் பட்டையும் போட வேணாம், அது முறிஞ்சு போற தன்மைக்கு வந்துரும். எடுத்து கழுவிக் காய வச்ச உடனே பிரைமர் அடிச்சிருங்க, ஒரு மணி நேரம் விட்டாலே மறுபடி செவக்கும்.

தகரம் விஷயத்துல அவசரப்படாதீங்க. துருவுக்கு மேல தகரத்த வச்சு பட்டி பூசினா ஒரு மழைக்காலம் நல்லாருக்கும், ரெண்டாவது மழைக்காலத்துல கொப்புளம் கெளம்பும். அரிச்ச இடத்த நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல, 18 கேஜ், அதாவது சுமாரா 1.2 எம்எம் தகரம், விளிம்போட விளிம்பு சேத்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்க. ஆர்க் வெல்டிங் இந்தக் கனத்துக்கு ஓட்டை போட்டுரும், மிக் மெஷின் இருக்க பட்டறையா பாருங்க, ஒரே கோடா இழுக்காம இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு வச்சா தகரம் நெளியாது. தரைக்கு அடில குறுக்க ஓடுற தாங்கு பட்டைங்களத்தான் முதல்ல பாக்கணும், தண்ணியும் சேறும் அதுக்குள்ள போய் தங்கி உள்ளருந்து அரிச்சிருக்கும், மேல இருக்க தகரம் அரிச்சது அதோட பலன்தான். கதவெல்லாம் மாட்டுற வண்டியா இருந்தா கதவ மாட்டி அளவு பாத்துக்கிட்டே வெல்டிங் வைங்க. பட்டி போடலாம், தப்பில்ல, ஆனா பத்துப்பைசா கனத்துக்கு மேல போகக்கூடாது.

ரோட்ல போகும்போதும் 4 வீல் போட்டே ஓட்டினா கிரிப் நல்லாருக்கும்ல?
(சேலம் வாசகர்)

வேணாம் சார். இந்த வண்டிங்கள்ல முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல டிஃபரென்ஷியல் (ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இல்ல, திருப்பத்துல முன் வீல் அதிக தூரம் போகணும், காஞ்ச தார் ரோட்ல டயர் வழுக்காது, அந்த முறுக்கு முழுசும் ஷாஃப்ட் முனைல இருக்க கிராஸு, கியர் மேல ஏறி உடைக்கும். மண்ணு, சேறு, ஈரப்புல்லு, அங்க மட்டும் போடுங்க.

40, 45 ஸ்பீடுல ஒரு பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது, பிரேக் பிடிச்சு நிறுத்தினாத்தான் அடங்குது. ஸ்டியரிங் பாக்ஸ் மாத்தியும் நிக்கல.
(உடுமலை வாசகர்)

எல்லாரும் முதல்ல பாக்ஸத்தான் மாத்துறாங்க, அதுல பெரும்பாலும் தப்பு இருக்காது தம்பி. முன் வீல ஜாக்கில தூக்கி ஸ்டாண்டுல வச்சு, டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க, பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங், மிதிச்சும் ஆடினா கிங் பின், அதாவது முன் வீல் திரும்புற அச்சு. கிங் பின் பேரிங் நல்லாருந்தா மூடிக்கு அடில இருக்க ஷிம்ங்கிற மெல்லிசு தகட்ட ஒண்ணு ரெண்டு எடுத்தா இறுகிரும், எடுக்கும்போது மேலயும் கீழயும் ஒரே அளவா எடுங்க. பேரிங் குழி விழுந்திருந்தா மாத்தித்தான் ஆகணும். அதுக்கப்புறம் டை ராடு எண்டு, அதுக்கப்புறம் முன் குறுக்குச் சட்டத்துல இருக்க பெல் கிராங்க் (ஸ்டியரிங் இழுப்ப வீலுக்குத் திருப்பி விடுற கை), இத பாதி மெக்கானிக் தொடுறதே இல்ல, அதோட பின்னும் புஷ்ஷும் தேஞ்சா நீங்க எதை மாத்தினாலும் பிளே போகாது. பட்டை ஷாக்கிள் புஷ்ஷையும் பாத்துருங்க. இது சரியாகுற வரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதீங்க, குழந்தைங்கள ஏத்தவே ஏத்தாதீங்க.

அண்ணே, எங்க தாத்தா வேலை பார்த்த தோட்டத்துல இருந்து வாங்கின லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டி வீட்டுல நிக்குது. பாடி அலுமினியம், துருவே பிடிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ பெயிண்ட் மட்டும் அடிச்சா போதுமா?
(இலங்கை, ஹட்டன் வாசகர்)

போதாது தம்பி, இந்தப் பேச்ச நம்பித்தான் நெறைய லேண்ட் ரோவர் வீணாப் போச்சு. 1948 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சில இந்த வண்டி முதல்ல வெளிய வந்தப்ப போருக்கப்புறம் இங்கிலாந்துல ஸ்டீல் தட்டுப்பாடு, அதனாலதான் பாடிய அலுமினியக் கலவைல போட்டாங்க. ஆனா சேசிஸும், டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்க பல்க்ஹெட்டும் இரும்பு. சேசிஸ் பெட்டி மாதிரி மூடின வடிவம், ஹட்டன் பக்கத்து மழையும் பனியும் உள்ள போய் நின்னு உள்ளருந்தே அரிக்கும், வெளில பெயிண்ட் பளபளன்னு இருக்கும். சின்ன சுத்தியல எடுத்து முழுக்க தட்டிட்டே போங்க, நல்ல இடம் கணீர்னு சொல்லும், போன இடம் மொத்தையா சத்தம் குடுக்கும், சுத்தியல் உள்ளயே போனாலும் போகும். பின் கடைசி குறுக்குச் சட்டம், பாடியத் தாங்குற பக்கக் கைங்க, பல்க்ஹெட்டோட கால் பகுதி, இந்த மூணையும் அதிகமா தட்டுங்க.

அலுமினியத்துக்கும் வேற வியாதி உண்டு, இரும்பத் தொடுற இடத்துல ஈரம் சேந்தா வெள்ளப் பொடியா உதிரும். மாட்டும்போது ரெண்டுக்கும் நடுவுல நல்லா பிரைமர் அடிச்சு ரப்பர் வச்சு மாட்டுங்க. பாகம் தேடுறதுக்கு கொழும்பு பஞ்சிகாவத்தைல ஒரு நாள் முழுசா நடந்து பாருங்க, போகும்போது பழைய பாகத்தையே கைல கொண்டு போங்க, சீரீஸ் 2க்கும் 3க்கும் ஒரே மாதிரி தெரியற சாமான்ல வித்தியாசம் இருக்கு. இத முடியாத காரியம்னு யாராச்சும் சொன்னா டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனப் பத்தி சொல்லுங்க, அங்கருந்து சந்தக்பூ மலைக்கு 1950கள்ல வந்த லேண்ட் ரோவருங்க இன்னும் பயணிகள ஏத்திட்டுப் போய்க்கிட்டு இருக்கு. பாறையும் கல்லுமா இருக்க அந்த ஏத்தத்துல அந்த வண்டிங்களப் பாத்தா கண்ணுல தண்ணி வந்துரும்.

ஆர்மி டிஸ்போசல் ஜீப் ஒண்ணு, வட நாட்டுலருந்து வந்ததாம், புதுசு மாதிரி இருக்கு, ஆர்சி அப்புறம் ரெடி பண்ணித் தர்றோம்ங்கிறாங்க. வாங்கி விண்டேஜ்னு பதிஞ்சுக்கலாமா?
(சென்னை வாசகர்)

"அப்புறம்"னு சொல்ற ஆர்சி வரவே வராது சார். ஏலத்துல எடுத்த பேப்பர், ஆர்சி, என்ஓசி மூணும் கைக்கு வந்தப்புறம் பேசுங்க, சேசிஸ் நம்பர பென்சில் தேச்சு பிரிண்ட் எடுத்து ஒத்துப்பாருங்க, நம்பர் இருக்க இடத்த சுத்தி வெல்டிங் தடமோ கிரைண்டிங் தடமோ இருந்தா வந்துருங்க. பல வண்டியோட பாகத்த சேத்துக் கட்டின ஜீப்பு பாக்க ரொம்ப அழகா இருக்கும், அந்த அழகுக்குத்தான் ஏமாறுறோம்.

விண்டேஜ் பதிவுக்கு 2021 ஜூலைல மத்திய அரசு விதி கொண்டு வந்தாங்க. முதல் பதிவு நாள்லருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாத்தாம பழைய ரூபத்துலயே இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவ 5,000. நம்பர் பிளேட்ல விஏ-னு எழுத்து வரும். ஆனா அந்தப் பதிவுல தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான். ஓட்டணும்னு ஆசைன்னா சாதா ஆர்சிய உயிரோட வச்சிருக்க வண்டியா தேடுங்க, வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் பரவால்ல, தகரத்த சரி பண்ணிக்கலாம்.

பெட்ரோல் ரொம்பக் குடிக்குது, டீசல் எஞ்சின் ஏத்திரலாமா?
(தேனி, திருச்சி, இன்னும் பல ஊர் வாசகர்கள்)

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, ஆர்டிஓ அனுமதி இல்லாம எஞ்சின் வகைய மாத்தினா ஆர்சியோட ஒத்துப்போகாது, விபத்துன்னா இன்சூரன்ஸ் கைவிரிக்கும். ஒரு காலத்துல நம்ம பக்கம் பெட்ரோல் ஜீப்புல பாதிக்கு மேட்டடார் எஞ்சினோ பெஜோ எஞ்சினோ ஏத்திட்டாங்க, தோட்டத்துக்கு ஓடி சம்பாதிக்க வேண்டிய வண்டிங்க, அவங்களக் குறை சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டப்போற வண்டிக்கு எதுக்கு? அந்த எஞ்சின அப்படியே வைங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். கார்பரேட்டர் சுத்தம் பண்ணி, பாயிண்ட் கேப் சரி பண்ணி, டேப்பட் பாத்து, பிரேக் எதுவும் உரசிக்கிட்டு ஓடலையான்னு பாத்தாலே குடிக்கிறது குறையும். கியர் பாக்ஸுக்கு ஜிஎல் 4 ரக 90 ஆயில் போடுங்க, ஜிஎல் 5 போட்டா உள்ள இருக்க பித்தளை ரிங்க அது கொஞ்சம் கொஞ்சமா தின்னுரும்.

அண்ணே, எல்லா வேலையும் முடிச்சுட்டேன். கம்பெனிலருந்து வந்தப்ப என்ன கலர்ல இருந்துச்சுன்னு வீட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?
(கம்பம் வாசகர்)

முதல்ல வாழ்த்துக்கள் தம்பி, படிச்சதும் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. டேஷ்போர்டுல மீட்டர கழட்டினா அதோட விளிம்புக்கு அடில ஒரு வளையம் அளவுக்குப் பழைய பெயிண்ட் இருக்கும், அங்கெல்லாம் யாரும் மறுபடி அடிச்சிருக்க மாட்டாங்க. அங்க இல்லன்னா சீட்டுக்கு அடில, பேர் தகடு ஒட்டின இடத்துக்குப் பின்னாடி பாருங்க. 800 நம்பர் வாட்டர் பேப்பர தண்ணில நனைச்சு ஒரு ரூபாய் காசு அளவுக்கு மெதுவா தேச்சீங்கன்னா ஒவ்வொரு கலரா வளையம் வளையமா தெரியும், நடுவுல செவப்பு பிரைமருக்கு முன்னாடி கடைசியா எது வருதோ அதுதான். வெளிச்சத்துல வெளுக்காத இடத்துல பாத்து பெயிண்ட் கடைல மேட்ச் பண்ணச் சொல்லுங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த வளையத்த ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பி வைங்க.